ஒளித்தாள்

பர்கூரிலிருந்து கல் வந்தது, வைக்கோல் சுற்றி.
நாலடிக்கு மூன்றடி, அரையடிக் கனம்.
எட்டுப் பேர் பிடித்தும் வாசற்படி ஒன்று உடைந்தது.
வெளிநாட்டு மேசைக்குக் கேட்ட விலையில்
இதுபோல முப்பது போடலாம் என்றார்
மெருகு போட்ட திம்மராயன்.

அதுவரை
பெங்களூர் சாலையில் லாரி போகும்போதெல்லாம்
மீன்குஞ்சின் இதயம் இரண்டாய்த் தெரிந்தது.
கல்லுக்கு அடியில் நாலு சைக்கிள் டியூப்,
அரைக்காற்றோடு.
லாரி வந்தது, போனது.
இதயம் ஒன்றாகவே இருந்தது.

மூன்று நாள் குஞ்சு. கடுகைவிடக் கொஞ்சம் நீளம்.
கூழில் நிறுத்தி,
பக்கவாட்டிலிருந்து நீல ஒளியை
வெங்காயச் சருகாய் மெலிதாக்கி உள்ளே விடுகிறேன்.
சருகு தொட்ட இடம் மட்டும் பச்சையாய் எழும்.
மற்ற உடம்பெல்லாம் இருட்டில் பத்திரம்.

நொடிக்கு எண்ணூறு படம்.
ஒரு துடிப்பு முடிவதற்குள்
முழு இதயத்தையும் பத்து முறை
மேலிருந்து கீழாகப் புரட்டிவிடலாம்.
திரையில் அடுக்கு மேல் அடுக்காய் எழுகிறது:
இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு,
கதவு திறக்கும்போதெல்லாம்
முண்டியடித்து நுழையும் ரத்த அணுக்கள்.

முன்பெல்லாம் அறுத்துத்தான் பார்த்தோம்.
வடிவம் கிடைத்தது.
துடிப்பு கத்தியோடு போய்விட்டது.

இரண்டாம் தட்டில் ஆய்வக நீர் இல்லை.
எங்கள் தெரு போர்வெல் தண்ணீர்,
மொரப்பூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
இந்தக் குஞ்சின் இதயம் மெதுவா?
இன்னும் முப்பது குஞ்சு பார்க்காமல்
வாய் திறக்க மாட்டேன்.

வாய் திறப்பது எனக்கு எப்போதும் கடினம்.

கருவியின் நெற்றியில் டேப் ஒட்டி
பேனாவால் எழுதியிருந்தேன்: ஒளித்தாள்.
திம்மராயன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"யாரும்மா அவ? எதை ஒளிச்சா?"

சிரிப்பு வந்தது.
பழக்கத்தில் கை வாய்க்குப் போனது.
அவரும் சிரித்தார், கை எங்கும் போகவில்லை:
மேல்வரிசை முழுக்க
அதே பழுப்புக் கோடு.

எங்கள் இருவர் பல்லுக்கும்
கிணற்று வழியாய் வந்த பாறை
இப்போது வழவழவென்று படுத்து
ஒளியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"மீனுக்குப் பல்லு உண்டா?"
"உண்டு. வாயில இல்ல,
தொண்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கும்."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.
நான் கையை எடுத்து
குமிழைத் திருகினேன்,
தாள் இதயத்தைத் தாண்டி
தலைப்பக்கம் நகர்ந்தது.