முதல் மொழி

மல்லாவியில் எங்களுக்கு ஒன்பது கணினி,
ஐந்துதான் உயிரோடு.
பஸ்கால்தான் அத்திவாரம் என்பார் நவரத்தினம் சேர்:
அரைப்புள்ளி தவறினால் நகராது, ஒழுங்கு வரும்.
அவர் படித்தது அது.
நானும்.

பலகையில் பைத்தன் என்று எழுதினேன்.
"வெங்கிணாந்தியா மிஸ்?"
போன மாரியில் டிலக்சன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குள்
ஒன்று சுருண்டு கிடந்ததாம்.
பத்து நிமிடம் அதிலேயே போனது.

பிறகு சொன்னேன்: இதில் அடைப்புக்குறி வேலி இல்லை,
வரிக்கு முன்னால் விடுகிற வெறுமைதான் வேலி.
நாலு இடம் தள்ளினால் உள்ளே,
தள்ளாவிட்டால் வெளியே.
விளங்கவில்லை ஒருவருக்கும்.

அபிவர்ணா கை உயர்த்தாமலே எழும்பினாள்.
"அம்மா கண்ணிவெடி எடுக்கிறவ, மிஸ்.
சிவப்புத் தடியை ஒரு சாண் தள்ளி ஊன்டினா
ஆள் நிக்கிற இடமே வேற."

வகுப்பு கொஞ்சம் அசையாமல் இருந்தது.
நான் தேடிவைத்த உதாரணம்
மாம்பழக் கூடை.
அதை எடுக்கவே இல்லை.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் நின்றது.
சோக்கை வாங்கி அவளே எழுதினாள்,
ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
நாலு விரலை வைத்து அளந்து.

வாசலில் நின்று பார்த்த நவரத்தினம் சேர்
மெல்லக் கேட்டார்:
"அரைப்புள்ளி எங்க, பிள்ளை?"