தாமதத்திற்கு வருந்துகிறோம்

மேவிஸ் டிக்ரூஸ் தாளத்துக்குப் பின்னால் வருவாள்.
ஒரு முடி அளவு பின்னால்.
ஒன்று என்று அடித்துவிட்டுக் காத்திருப்பேன்.
அந்த ஒன்று தரையில் விழுவதற்குள்
வந்து பிடித்துக்கொள்வாள்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரையில்
சனிக்கிழமை தவறாமல் ஷூக்கள் தேய்ந்த காலம்.
எனக்குப் பத்தொன்பது.
பகலில் மாசி வீதிகளில் கல்யாண பேண்டுக்கு டிரம் அடித்தவன்,
இரவில் அவளுக்கு அடிக்கையில்
மணிக்கட்டைக் கட்டிப்போட்டாற்போல் இருக்கும்.
"இன்னாசி, நீ ஊர்வலம் போறே.
நான் எங்கயும் போகல. உக்காரு."

ஜாஸ் என்றால் என் அம்மாவுக்குப்
பல்லவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற பாட்டு.
அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கொடைக்கானலில் இரண்டு சீசன்.
பெங்களூரில் ஓர் ஓட்டல், நீல கவுன்,
பத்திரிகையில் கட்டைவிரல் அளவுக்குப் படம்.
ஓர் இசைத்தட்டு வருவதாக இருந்தது.
வருவதாகவே இருந்தது.

பிறகு இருபத்தேழு வருஷம்.

ஏன் விட்டாய் என்றதற்கு
என்னிடம், பியானோவைக் கறையான் தின்றது என்றாள்.
பங்குச்சாமியிடம், மூச்சு எட்டவில்லை, சாமி.
பெர்த்தில் இருக்கும் மகளிடம்,
பாடு என்று யாரும் கேட்கவில்லையே.
மூன்றும் உண்மையாக இருக்கலாம்.
கறையானை நான் பார்த்தேன்.

அதற்குள் ஸ்டேசனில் வேலை.
கண்ணாடிக் கூண்டு, மேசை விசிறி, ஒரு மைக்.
பயணிகளின் கனிவான கவனத்திற்கு.
அந்தக் 'கனிவான'வில் மட்டும் கொஞ்சம் சாய்வாள்,
பிளாட்பாரத்தில் எனக்கு மட்டும் தெரியும்.
மற்றதெல்லாம் விதிப்படி.
வண்டி எண், நடைமேடை,
தாமதத்திற்கு வருந்துகிறோம்.
பாடிய காலத்தில் அவள் ஒருநாளும்
தாமதத்துக்கு வருந்தியதில்லை.

கம்ப்யூட்டர் குரல் வந்தது. வீட்டுக்குப் போனாள்.
பல்செட் வந்தது. 'ச' போனது.
சத்தமாக வாசியுங்கள் என்றார் பல் டாக்டர்.
தினத்தாள் மூன்றே நாளில் அலுத்துவிட,
அரிசி களைந்தபடி பாடினாளாம்.

போன ஐப்பசியில் போன் செய்தாள்.
"இன்னாசி, பிரஷ் இருக்கா?"
"எத்தனை இஞ்சு?" என்றேன்.
காளவாசலில் எனக்குப் பெயிண்ட் கடை.
அவள் சிரித்து முடிக்கும்வரை புரியவில்லை.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, லாட்ஜ் மொட்டைமாடி,
வியாழக்கிழமை, பதினொரு பேர்.
கீபோர்டில் ஒரு வங்கி மேலாளர்.
முதல் பாட்டில் குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை.
அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.
இரண்டாவதில் சரணம் மறந்தது.
நான் பிரஷ்ஷைத் தேய்த்தேன்,
தேய்த்துக்கொண்டே இருந்தேன்,
வங்கி மேலாளர் என்னைப் பார்த்தார்,
அப்போது எடுத்தாள்:

கூடல்நகர்
சமய சமய சமயநல்லூர்
சோழ வந்தான், வந்தான்,
வரல, வரல, வந்தான்
வாடிப்பட்டி பட்டி படபட பட்டி
கொடைரோட்டில் நெடுநேரம் நின்று
அம்பாத்துரையில் நிற்காமல்
திண்டுக்கல்லில் கல்லாக இறங்கினாள்.

ஒரு முடி பின்னால்.

மூலை மேசையில் சிமெண்ட் ஏஜெண்டுகள்.
ஒருவர் கறிதோசைக் கையோடு எழுந்தார்.
"நம்ம ஸ்டேசன் அம்மால்ல இது?
எங்கப்பா செத்தன்னிக்கு
மெட்ராஸ் வண்டி நாலு மணி நேரம் லேட்டுங்க.
நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

மேவிஸ் மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.
வருந்துகிறோம், என்றாள்.
ஒருமுறை சொன்னாள்.
பிறகு அதையே பாடினாள்,
அவர் உட்காரும்வரை.

கவரில் ஆயிரத்து இருநூறு. எனக்கு ஐநூறு.
லிஃப்ட் ரிப்பேர்.
நாலு மாடி இறங்க வேண்டும், அவளுக்கு முழங்கால் சரியில்லை.
நான் ஒரு படி இறங்குவேன், நிற்பேன்.
பின்னால்
அவள் செருப்புச் சத்தம்.