மறுதாம்பு

இருபத்திரண்டு வருஷம்
ரொட்டியின் குடலை உருவியவன் நான்.
சாட்ஸ்வொர்த்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடை.
காலாக அறுத்து, நடுவை விரலால் தோண்டி,
பள்ளத்தில் ஆட்டுக்கறி ஊற்றி,
தோண்டிய பஞ்சை மூடிபோல் மேலே வைப்பேன்.
பன்னி என்பார்கள் டர்பனில்.
கச்சேரிக்கு வந்த மிருதங்கக்காரர்
பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.
ரொட்டிதான் ஐயா, உட்காருங்கள் என்றேன்.

போன ஜூனில்
என் குடலையும் உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.
திரையில் விரலை வைத்தார் டாக்டர் சிபியா:
இங்கே கம்பளம் மாதிரி இழை நிற்க வேண்டும்,
பாருங்கள், மொட்டை.
எனக்குத் தெரிந்தது கம்பளம் இல்லை,
டோங்காட் பக்கம்
தீ வைத்து வெட்டி முடித்த கரும்புக் கொல்லை.
கோதுமை, பார்லி, ரை,
ஒரு துணுக்கும் ஆகாது, ஆயுசுக்கும், என்றார்.
அவர் சொன்னது ஆங்கிலத்தில்.
ஆயுசுக்கும் என்பதை மட்டும்
லிஃப்டில் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

முதலாளி தனபாலன் கல்லாவில் உட்கார் என்றார்.
ராண்ட் நோட்டிலும் ரொட்டித் தூள்.
கல்யாணவீட்டில் ஒரு வாய்தானே என்றார்கள்.
இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வருகிற நோய்,
உனக்கு எப்படி வந்தது என்றான் மைத்துனன்,
நான் ஏதோ திருடிவந்த மாதிரி.
அம்லாங்கா கடையில்
எனக்கான ரொட்டி ஒன்று இருந்தது:
செங்கல் அளவு, செங்கல் கனம்,
எண்பத்தொன்பது ராண்ட்.
எடுத்தேன். வைத்தேன்.
மறுபடி எடுத்து, மறுபடி வைத்தேன்.

ரொட்டியை விட்டும் ஆறு மாசம் வயிறு விடவில்லை.

பைன்டவுன் நூலகத்துப் பின்னறை,
மாசத்தின் இரண்டாம் சனிக்கிழமை.
ஏழு பேர். ஓய்வுபெற்ற தபால்காரி ஹெட்டி.
எட்டு வயசு கியாஷென்,
அடுத்தவர் பிறந்தநாளுக்குத் தன் கேக்கைத் தானே
டப்பாவில் தூக்கிப் போகிறவன்.
லாரி ஓட்டும் நோம்புசோ
மூடியைத் திறந்தாள்: வெள்ளைச் சோளமாவு,
உதிர உதிரக் கிண்டியது.
ஊபுத்து என்றாள்.
புட்டா என்றேன்.
இருவரும் ஒரு நொடி விழித்தோம்,
பிறகு ஒரே கரண்டியில் பயமில்லாமல் தின்றோம்.

வீட்டு மசாலா எல்லாம் கொண்டு வா என்றாள்.
அடுத்த மாசம் பைநிறையக் கொண்டு போனேன்.
மல்லி, சீரகம், மிளகு தாண்டி
மஞ்சள் டப்பாவில் நின்றாள்.
பெயர் அவள் வாயில் நுழையவில்லை,
அடியில் இருந்த கடுகெழுத்து கண்ணில் நுழைந்தது:
கோதுமை மாவு.
பெருங்காயம்.
பெருங்காயம்தான், வேறென்ன.

ஆறு மாசமாக ரசத்தில் உன்னைக் கெடுத்தது நானா,
என்றாள் சுலோஷினி.
நீ இல்லை, டப்பா என்றேன்.
பதில் சொல்லாமல்
அஞ்சறைப்பெட்டியை வெந்நீரில் போட்டாள்.
ராத்திரி பதினொன்றுக்கும்
தேய்க்கிற சத்தம் கேட்டது.
அதற்குப் பிறகு எங்கள் ரசத்தில் வாசனை குறைவு.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் மறுபடி திரை.
மொட்டைக்கு நடுவே இங்கொன்று அங்கொன்றாக
இழை.
கூலிக்குக் கரும்பு வெட்டியவர்கள்
சொத்தென்று எதுவும் விட்டுப்போகவில்லை,
ஒரு சொல் மட்டும் வீட்டில் கிடந்தது:
மறுதாம்பு.
அதைச் சொன்னேன்.
சிபியா எழுதிக்கொள்ளப் பார்த்து, விட்டுவிட்டார்.

இன்று ஆடி ஞாயிறு. மாரியம்மனுக்குக் கூழ்.
வரிசையில் என் முறை வந்ததும்
மாவுப் பையைக் காட்டுங்கள் என்றேன்.
அம்மன் கூழ் யாரையும் ஒன்றும் செய்யாது
என்று முறைத்தாள் ஊற்றுகிறவள்.
அம்மன் செய்யமாட்டாள் அக்கா, கரண்டி செய்யும்.
பின்னால் முணுமுணுப்பு.
பை வந்தது. இரண்டு தரம் படித்தேன்.
சோளம். வேறொன்றுமில்லை.

முழங்கையை யாரோ தொட்டார்கள்.
பத்தொன்பது வயசிருக்கும்,
கையில் இன்னும் ஊற்றாத காலிக் குவளை.
அங்கிள், நானும் பார்க்கலாமா,
அவ்வளவு சன்னமாக.

பையை அவள் பக்கம் திருப்பினேன்,
கடுகெழுத்தில் வெயில் படும்படி.