தகரக் குழாய்

எனக்கு ராகம் தெரியாது.
டன் தெரியும். கேஸ் பிரஷர் தெரியும்.
கம்ப்ரசர் இழுக்கும் மூச்சை வைத்தே
இன்னும் எத்தனை மாசம் ஓடும் என்று சொல்லிவிடுவேன்.

மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபாவில் டியூட்டி.
கீழே மேடை,
மொட்டைமாடியில் நானும் இரண்டு ராட்சத மெஷினும்.
ஒரு தகரக் குழாயில் குளிர் இறங்கும்.
இன்னொன்றில் சூடான காற்று திரும்ப ஏறும்,
அதோடு பாட்டும்:
முகம் இல்லாமல், பாதிச் சொல் தேய்ந்து.
கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றுவிடுவேன்.
ஏன் நின்றாய் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

செக்ரட்டரி இரண்டு பாஸ் நீட்டினார்,
காலைக் கச்சேரி, கடைசி வரிசை.
ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நைட் முடித்து வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.
ஜெனிதாவைக் கூட்டிப் போனேன். நாலரை வயசு.
கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஃபிராக்கை
இன்றைக்கே போடுவேன் என்று அடம்.
சைதாப்பேட்டை பஸ்ஸில் அது கசங்கிப் போனது.

உள்ளே நுழையும்போது காதில் சொன்னேன்:
பேசக் கூடாது. கேட்கலாம்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு
இரண்டு வேலை என்பதை மறந்துவிட்டேன்.

கேட்டாள்.
அந்த அம்மா எப்பப்பா வார்த்தை சொல்வாங்க?
தேடிட்டு இருக்காங்க, என்றேன்.
எங்க வச்சாங்களாம்?
வயலின் அங்கிள் ஏன் அவங்க சொன்னதையே திரும்பச் சொல்றாரு,
கிண்டலா?
முன்னாடி மாமா தொடையத் தொடைய அடிக்கிறாரே,
கொசுவா?
பின்னாடி தம்புரா அக்காவுக்கு
வேற பாட்டே தெரியாதா, பாவம்?

பக்கத்து சீட்டில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.
பட்டுப்புடவை ஒன்று திரும்பிப் பார்த்தது.
பேட்ஜ் குத்திய பையன் குனிந்து
"சார், குழந்தை..." என்று இழுத்தான்.
மரியாதையாகத்தான் இழுத்தான்.

கேன்டீனில் ஒரு போண்டா, பாதி அவளுக்கு.
பிறகு வேறெங்கே போக?
இரும்பு ஏணி, அவள் முன்னால், நான் பின்னால்.
மழை மேகம் போட்டிருந்தது,
ஒரு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது.
இதுலதான் அப்பா கேட்பேன் என்று
ஏறிவரும் குழாயைக் காட்டினேன்.

கன்னத்தைத் தகரத்தில் வைத்தாள்.
ஒரு கேள்வியும் இல்லை.
காக்கை வந்து போண்டாத் துணுக்கைப் பார்த்தது, எடுத்தது, போனது.
கீழே பாடகியம்மா தேடியது கிடைத்துவிட்டது போல,
ஒரே வரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
ஜெனிதாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது,
ஊசி போடும்போது அழ மறந்த முகம் மாதிரி.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்:
அப்பா, இந்த மெஷினும்
அந்த அக்கா பாட்டத்தான் பாடுது.

ஏழு வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறேன்.
பேரிங் தேய்வதைக் கேட்டிருக்கிறேன்,
பெல்ட் தளர்வதைக் கேட்டிருக்கிறேன்.
இதைக் கேட்டதில்லை.
ஆமாம், அதேதான். மயிரிழை கீழே, அவ்வளவுதான்.

இறங்கும்போது பார்த்தேன்,
தகரத்தின் மடிப்பு அவள் கன்னத்தில்
ஒரு கோடு போட்டிருந்தது.
ஸ்டெல்லா கேட்பாள். விழுந்தாள் என்று சொல்ல முடியாது.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
ஃபேன் நின்றதற்கு எழாதவள்
ஃபிரிட்ஜ் நின்றதற்கு எழுந்தாள்.
அப்பா, பாட்டு நின்னுபோச்சு.

இருட்டில் என்ன செய்ய.
வாயை மூடிக்கொண்டு
எனக்குத் தெரிந்த அந்த ஒரே சத்தத்தைப் பிடித்தேன்.
ம்ம்ம்ம்.
இன்னும் கொஞ்சம் மேல, என்றாள்.
ஏற்றினேன்.
அவ்ளோ வேணாம்.
இறக்கினேன்.
ஆங், அங்கயே இரு.

இருந்தேன்.
ஸ்டெல்லா புரண்டு படுத்து
யாருப்பா இந்நேரத்துல மோட்டார் போட்டது என்றாள்.
மூச்சு எடுக்க நிறுத்தியபோதெல்லாம்
ஒரு சின்னக் கை என் தொடையைத் தட்டியது.
கொசு இல்லை.