காலி எடை

எடைமேடைக் கூண்டில் இரண்டு நாட்காட்டிகள்.
ஒன்று அடகுக்கடை கொடுத்தது, தினம் கிழிப்பது.
மற்றது ஜெனிட்டாவின் பள்ளிக்கூடத்துத் தாள்.
சிவப்புத் தேதிகள் இரண்டும்
ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

வீடு கொழிஞ்சாம்பாறை.
வேலை, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
நானூறு அடி தமிழ்நாட்டுக்குள்.
அவளுக்குக் கேரளத்து லீவு.
எனக்குத் திருமலைசாமி கொடுக்கிற லீவு,
மாதம் இரண்டு, அதுவும் முன்கூட்டிச் சொன்னால்.

ஜூலையில் ராத்திரி எட்டரைக்கு ஃபோன் மினுங்கும்:
பாலக்காடு மாவட்டத்துக்கு நாளை மழை விடுமுறை.
மழை மண்ணார்க்காட்டில்.
எங்கள் தெருவில் துணி மொறமொறவென்று காய்கிறது.
"மழைங்கறே, குடையே காணமே அம்மிணி?"
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி கேட்கிறார் முதலாளி.
மேகத்துக்கு நானா ஜாமீன் போட முடியும்?

அவள் அப்பாவைக் கேட்கலாமே என்பார்கள்.
கேட்டேன், ஒரு மே மாதத்துக்காக.
"பார்க்கலாம்" என்றார்.
ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஓணத்துக்குப் பத்து நாள்.
முதல் இரண்டு நாள் ரெஜினா டீச்சர் வீடு,
அவர்கள் ஊருக்குக் கிளம்பும்வரை.
ஒரு நாள் என் லீவு.
(இன்னொன்றை அவள் காய்ச்சல் ஏற்கெனவே தின்றுவிட்டது.)
ஞாயிறு ஒன்று தானாகவே கழிந்தது.
மீதி ஆறையும்
டிபன் பாக்ஸோடு, அரை டிக்கெட்டோடு
காலை ஏழு மணி பஸ்ஸில் ஏற்றினேன்.

ஓணம் என்றால் இந்தப் பாதையில் பூ.
செண்டுமல்லி, வாடாமல்லி, மூட்டை மூட்டையாக.
பின்னாலேயே பூசணி, முருங்கை, நேந்திரங்குலை.
லாரி வரிசை புளியமரம் தாண்டி நிற்கும்.
கோலம் அந்தப் பக்கம், கிலோ இந்தப் பக்கம்.
அவளுக்கு லீவு விட்ட அதே பண்டிகைதான்
எனக்கு ஓவர்டைம் போட்டது.

பிரிண்டருக்குக் கீழே
தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள்.
கேன்சலான சீட்டுகளின் முதுகில் பூக்களம் வரைகிறாள்.
மதியத்துக்குள் வண்டி நம்பரை
எனக்கு முன்னால் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.
மூன்றாவது நாள் தூங்கிப்போனாள்,
வாய் திறந்து, கையில் ஸ்கெட்ச் மூடி இல்லாமல்.
அன்று முழுக்க என் புடவையில் ஒரு பச்சைக் கோடு.

நான்காவது நாள், மூன்று மணிக்கு, வரிசை காலி.
ஓடிப்போய் மேடை நடுவில் நின்றாள்.
"அம்மா, எவ்வளவு?"
திரையில் சைபர்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடை யாரையும் ஒப்புக்கொள்ளாது.
அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அப்புறம்தான் உறைத்தது.
இரண்டு பேரும் மேடையில் நின்றால்
திரையை வாசிக்கக் கூண்டில் ஆளில்லை.

நின்றோம்.
இரும்புத் தகடு வெயிலில் கொதித்தது,
செருப்புக்குள்ளும் தெரிந்தது.

வாழைக்குலை லாரியிலிருந்து சாஜு இறங்கினான்.
ஹாரன் அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.
கூண்டு ஜன்னலில் தலையை விட்டு
"எண்பது, சேச்சீ!" என்று கத்தினான்.
கேட்காமலே பட்டனையும் அமுக்கிவிட்டான்.

சீட்டு வந்தது.
மொத்த எடை எண்பது.
காலி எடை: கோடு.
சரக்கு: கோடு.
காலி எடையைக் கழித்தால்தான் சரக்கு தெரியும்.
எங்களில் எது வண்டி, எது சரக்கு என்று
மெஷினுக்குத் தெரியவில்லை.
எனக்கும் சில ராத்திரிகளில் தெரிவதில்லை.

முதலாளி கணக்குப் பார்க்கையில் கேட்பார்.
நாற்பது ரூபாய் கல்லாவில் போட்டேன்.
சீட்டை ஜெனிட்டா மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்தாள்.

சாஜு வண்டியை ஏற்றினான். தகடு முனகியது.
நம்பரை அவள் சொல்ல, நான் அடித்தேன்.
பள்ளிக்கூடம் திறக்க
இன்னும் இரண்டு நாள்.