தேத்தண்ணிக்கு முப்பத்தொரு படிகள்

முதல் தவணையில் வீட்டுப்பாடம்:
ஒரு கோப்பை தேத்தண்ணி போடுவதைச்
செயல் செயலாகப் பிரித்து எழுதுக.
நான் ஒன்பது எழுதினேன்.
மூடியைத் திறக்கப் பிடிமானம் வேண்டாமா,
கேத்தல் நிறைந்துவிட்டதென்று மணிக்கட்டுக்கு யார் சொன்னது,
அடுப்பை அணைக்கும் நினைவு எங்கிருந்து வந்தது
என்று ஓரமெல்லாம் சிவப்பு மை.
இரண்டாம் முறை முப்பத்தொன்று.

வினிபெக்கில் பதினொரு வருடம், பொதிக் கிடங்கில்,
கை என்றால் என்னவென்று கேளாமலே
கையால் பிழைத்தவள் நான்.
நாற்பத்திரண்டு வயதில் இப்போது
பெருவிரல் ஒன்றுக்கே ஒன்பது தசை என்று
பஸ்ஸில் மனனம் செய்கிறேன்.
எதிர் இருக்கைக்காரர் கையுறையைக் கழற்றினால்
கண் அங்கேதான் போகிறது, வெட்கமில்லாமல்.

அடுத்த பாடம்: ஒரு நாள் முழுக்க ஒற்றைக் கை.
வலக்கையைச் சால்வையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு
பல் விளக்கினேன்.
பாண் வெட்டப் போனேன், பாண் மேசையைவிட்டு ஓடியது.
உள்சட்டையின் கொக்கியோடு இருபது நிமிடம்,
அதற்குமேல் எழுதமாட்டேன்.
பெம்பினா நெடுஞ்சாலைத் தரிப்பில் குளிர் மைனஸ் இருபத்தெட்டு.
ஜாக்கெட்டின் சிப் அடியிலேயே கொளுவ மறுத்தது.
பஸ் வர இன்னும் ஆறு நிமிடம்.
கட்டை அவிழ்த்தேன்.
குறிப்பேட்டில் உள்ளதை எழுதினேன்:
7.40. கை விடுவிக்கப்பட்டது. காரணம், குளிர்.

பெப்ரவரியில் ஆஸ்பத்திரிப் பயிற்சி.
மேற்பார்வையாளர் கெயிட்லின் ஹ்ரின்சுக், வயது இருபத்தேழு,
என் மகனுக்கு எட்டு வயதுதான் மூத்தவள்.
எனக்குத் தந்த பெயர் ஹால்டோர் பியார்னசன்:
பக்கவாதம், வலப்பக்கம்.
தொழில், ஏரியில் மீன்பிடி. ஊர், கிம்லி.
பயிற்சிச் சமையலறையில் அவரை நிறுத்தித்
தேத்தண்ணி போடச் சொன்னேன்.
கேத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
அலுமாரியைத் திறந்தார், மூடினார்.
‘படிகளை வரிசைப்படுத்தல்: குறைபாடு’
என்று எழுதினேன், அழகான கையெழுத்தில்.

வெளியே, தாழ்வாரத்தில், கெயிட்லின் கேட்டாள்:
“அவர் தேத்தண்ணி குடிப்பாரா?”

குடிப்பதில்லையாம்.
ஐம்பது வருடமாகக் கோப்பி,
அதையும் போட்டுத் தருவது மனைவி.
ஒவ்வொரு சொல்லாக வந்து சேர
நான் நின்றுகொண்டிருந்தேன்.

‘இலக்கு’ என்ற கட்டத்தை அழித்தேன்.
அழுத்தி எழுதியிருந்ததால்
தாளும் கொஞ்சம் கிழிந்தது.
இப்போது அதில் இருப்பது:
பனிக்கட்டியில் துளையிட்ட பின்
ஒரு கையால் தூண்டில் முடிச்சு.

அதற்கு எத்தனை படி
என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.
மேசையில் நைலான் இழை, ஒரு கவ்வி,
கூர் மழுக்கிய தூண்டில்முள்.
வலக்கையை மறுபடி கட்டியிருக்கிறேன்.
ஒரு நுனியைப் பல்லில் கடித்து
மறு நுனியை முள்ளின் காதுக்குள் விட்டுச் சுற்றினால்
பதினான்காவதில் நழுவுகிறது.
மகன் கதவருகில் எட்டிப் பார்த்து
“சாப்பிட்டீங்களா அம்மா?” என்கிறான்.
வாயில் இழை. தலையை ஆட்டுகிறேன்.
ஓமா இல்லையா என்று
அவனே பிரித்துப் பார்க்கட்டும்.