படிக்க மட்டும்

இருபதாம் தேதி. ராத்திரி மணி பதினொன்று.
ஜிஎஸ்டிக்குக் கடைசி நாள்.
சூரமங்கலம் பக்கம் ரயில் ஒன்று
நீளமாக ஊதிவிட்டுப் போகிறது.
மாடியில் என் லேப்டாப்.
கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்,
அவருடைய பழைய கம்ப்யூட்டர்.
நடுவே பதினேழு படி.
இன்றைக்கு அதில் இறங்குவதில்லை என்று
சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன்.
பேச்சு அவ்வளவு தூரம் போய்விட்டது.

ஜவ்வரிசிக் கமிஷன் கணக்கெல்லாம் அந்த டிஸ்க்கில்.
நெட்வொர்க்கைத் திறந்தால்
யாருமே இல்லை.
வீட்டில் ரௌட்டர் இருக்கிறது, பச்சை விளக்கு சிமிட்டுகிறது,
ஆள்தான் தெரியவில்லை.

கறுப்புத் திரையில் பிங் அடித்தேன்.
192.168.1.7
நான்கு முறை கூப்பிட்டேன், நான்கு முறையும் பதில்,
மூன்று மில்லிசெகண்டில்.
சாப்பிடக் கூப்பிட்டால்
மூன்று தடவைக்கு ஒரு "ம்".

சரி, சுவர் என் பக்கம்தான்.
செட்டிங்கில் தேடினேன். இருந்தது:
இந்த நெட்வொர்க் - பொது.
பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ஏர்போர்ட் போல.
லேப்டாப் வாங்கிய அன்று
அவசரத்தில் ஏதோ கேட்டது, ஏதோ அமுக்கினேன்.
அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக
சொந்த வீட்டில்
கண்ணில் படாமல் நடமாடியிருக்கிறது பாவம்.
தனியார் என்று மாற்றினேன்.

வந்தது: மாதேஸ்-பிசி.
பாஸ்வேர்டு கேட்டது.
பின் நம்பரைப் போட்டால் ஒப்பவில்லை.
அது அந்தப் பெட்டியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டுமாம்,
தூரத்திலிருந்து வருபவர்கள்
முழுப் பெயர், முழுச் சொல் சொல்ல வேண்டும்.
குலதெய்வம் - தப்பு.
கல்யாண நாள் - தப்பு. (நினைத்தேன்.)
போன தையில் விற்ற மினி லாரியின் நம்பர்,
டிஎன் முப்பதில் தொடங்கி
நான்கு இலக்கம் வரை அடித்தேன்.

திறந்தது.

'பாக்கி' என்ற ஃபைலைத் தட்டினால்
ஒரு சின்னப் பெட்டி குறுக்கே:
மாதேஸ்வரன் இதைத் திறந்து வைத்திருக்கிறார்.
படிக்க மட்டும் திறக்கவா?

ஒன்பது மணிக்கே தலைவலி என்று படுத்த மனுஷன்.
மாடிப்படி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தேன்,
ஹாலில் லைட் இல்லை.

படிக்க மட்டும்.

ஆத்தூர் மில், தலைவாசல் மில், லீ பஜார் மூன்று கடை,
வர வேண்டியது முழுக்கச் சிவப்பு.
அடுத்த ஷீட்டில் கொடுக்க வேண்டியவர்கள்:
பேங்க், சாக்குக்காரர், டிரைவர் சின்னத்தம்பி,
அதற்குக் கீழே, கிழங்கு வியாபாரிக்கும் மேலே,
கோகிலவாணி - நாலரைப் பவுன்.
வட்டிக் கட்டத்தில் ஏதோ போட்டு அழித்திருக்கிறார்.

என் பெயரை அவர் முழுசாக எழுதி
எத்தனை நாளாயிற்று.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
எட்டாவது படியில் உட்கார்ந்தேன்.
அங்கிருந்து சுவரில்
அவர் திரையின் நீலம் தெரிகிறது,
அதில் ஒரு தலை.
ரிட்டர்னைப் போட்டபோது பதினொன்று ஐம்பத்தாறு.
எட்டாவது படியில்
சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.